பந்து கால்ல இல்லாதப்போ எடுக்கிற முடிவு

பெரியவங்க ஆடுற 90 நிமிஷ ஃபுட்பால் மேட்ச்ல பந்து நிஜமா ஆட்டத்துல இருக்கிறது டாப் லெவல்லயே சுமாரா 55ல இருந்து 60 நிமிஷம்தான், மீதி எல்லாம் த்ரோ இன், ஃப்ரீ கிக், காயம், ரெஃப்ரி கிட்ட வாக்குவாதம்னு போயிடும். அந்த 60 நிமிஷத்தை 22 பேருக்கு பிரிச்சுப் பாருங்க, ஆளுக்கு 3 நிமிஷம் கூட வராது, அதுலயும் பந்து ஒருத்தர் கால்ல இருந்து இன்னொருத்தர் காலுக்கு போற நேரத்தை கழிச்சா இன்னும் கம்மி. டீமுக்கு 7 பேர் வச்சு சின்ன பசங்க ஆடுறப்போ இது கொஞ்சம் கூடும், அவ்வளவுதான், அங்கயும் ஒரு பையன் பெரும்பாலான நேரம் பந்து இல்லாமத்தான் இருப்பான். ஆனா எந்த பிராக்டிஸுக்கு வேணா போய் பாருங்க, கோன் அடுக்கி டிரிபிளிங் (பந்தை கால்லயே ஓட்டிட்டுப் போறது), வரிசையில நின்னு ஷூட்டிங், ரெண்டு ரெண்டு பேரா எதிரெதிர நின்னு பாஸிங், எல்லாமே பந்து கால்ல இருக்கிற அந்த கொஞ்ச நேரத்துக்கான பயிற்சி. மீதி நேரத்துக்கு என்ன பண்ணணும்னு யாரும் சொல்லித் தர்றதில்ல, மேட்ச் அன்னைக்கு சைடு லைன்ல நின்னு "ஸ்பேஸுக்கு போ! ஸ்பேஸுக்கு போ!"னு கத்துறதோட சரி.

நான் அண்டர்-10, அண்டர்-12 பசங்களுக்கு கோச்சிங் பண்றேன், பையன் பொண்ணு எல்லாரும் கலந்துதான். அட்டாக்ல முடிவு எடுக்கிறதுன்னு பேச்சு வந்தாலே மத்த கோச், அப்பா அம்மா எல்லாரும் பந்து வச்சிருக்கிற புள்ளையைத்தான் பேசுவாங்க, "அவன் பாஸ் பண்ணியிருக்கணும்", "அவ ஷூட் அடிச்சிருக்கணும்", இப்படியே. நான் என்ன சொல்றேன்னா, பந்து வச்சிருக்கிறவன் எடுக்கிற தப்பான முடிவுல பாதிக்கு மேல அவனோட தப்பே கிடையாது, பந்து இல்லாத ரெண்டு மூணு பேர் முடிவே எடுக்காம நின்னதோட விளைவு அது. பாஸ் கொடுக்க ஆளே இல்லன்னா அவன் யாருக்கு கொடுப்பான்? அதனால முடிவு எடுக்கக் கத்துக்கொடுக்கணும்னா முதல்ல பந்து இல்லாதவங்க கிட்ட இருந்து ஆரம்பிக்கணும், இந்த போஸ்ட் முழுக்க அதைப் பத்திதான்.

"ஸ்பேஸுக்கு போ" ஏன் வேலைக்கு ஆகாதுன்னு முதல்ல சொல்லிடுறேன். 9 வயசு பையனுக்கு அந்த வார்த்தை ஒண்ணும் சொல்லாது. கிரவுண்ட்ல ஆளே இல்லாத இடம் எங்கயும் இருக்கு, கார்னர் கொடி பக்கத்துலயும் ஆள் இல்லதான், அங்க போய் நின்னுட்டு "நான் ஸ்பேஸ்லதான் சார் இருக்கேன்"னு சொல்லுவான், அவன் சொல்றதும் சரிதான். யாருமே இல்லாத இடம்ங்கிறது மட்டும் போதாது, பந்து அங்க வந்து சேரணும், வந்ததுக்கப்புறம் அங்க இருந்து ஏதாவது பண்ண முடியணும், அதுக்கு முன்னாடி டிஃபென்டர் அங்க வந்து சேரக் கூடாது. இந்த மூணுல கடைசி விஷயம்தான் முக்கியம், அதைத்தான் யாரும் பசங்களுக்கு சொல்றதில்ல.

அதனால நான் ஸ்பேஸ்ங்கிற வார்த்தையையே கொஞ்ச நாள் தூக்கி வச்சுட்டு, "உன்னை யார் பார்த்துக்கிறான்? அவன் இப்போ எங்க பார்க்கிறான்?"னு கேட்க ஆரம்பிச்சேன். டிஃபென்டருக்கு ரெண்டு கண்ணும் ஒரே பக்கம்தானே, பந்து ஒரு பக்கம் நீ இன்னொரு பக்கம்னா அவன் ரெண்டையும் ஒரே நேரத்துல பார்க்க முடியாது, ஒண்ணை பார்க்கணும்னா இன்னொண்ணை விடணும். பந்துக்கும் உனக்கும் நடுவுல அவன் நிக்கிற மாதிரி, அவன் தோளுக்கு பின்னாடி நீ நின்னேன்னா அவன் ஒவ்வொரு தடவையும் தலையை திருப்பித்தான் நீ எங்க இருக்கேன்னு தெரிஞ்சுக்கணும். தலையை திரும்ப பந்து பக்கம் திருப்புறானே, அந்த நொடிதான் நீ கிளம்ப வேண்டிய நொடி. சின்ன பசங்களுக்கு இது ஒரு ஒளிஞ்சு விளையாடுற ஆட்டமாவே புரிஞ்சிடுது, விளக்கமே தேவைப்படல, "அவன் பார்க்காதப்போ நகரு" அவ்வளவுதான்.

எங்க அண்டர்-12 டீம்ல ஒரு பொண்ணு இருக்கா, ஓட்டத்துல டீம்லயே கடைசி ரெண்டு மூணு பேர்ல ஒருத்தி, ஆனா கோல் அடிக்கிறதுல அவதான் முன்னாடி. பார்க்கிறவங்க எல்லாம் லக்குன்னு சொல்லுவாங்க. அவ என்ன பண்றான்னு பந்தை விட்டுட்டு அவளை மட்டும் பார்த்தா தெரியும், டிஃபென்டர் பந்தைப் பார்க்கிறப்போ எல்லாம் ஒரு எட்டு ரெண்டு எட்டு நகர்ந்துட்டே இருப்பா, அவன் திரும்பிப் பார்க்கிறப்போ சும்மா நிப்பா, இடுப்புல கை வச்சுட்டு கூட நிப்பா. பந்து கோல் முன்னாடி இருக்கிற பாக்ஸுக்குள்ள வர்றப்போ அவளுக்கும் அவனுக்கும் நடுவுல ரெண்டு மீட்டர் இருக்கும், அந்த வயசுல அது போதும், அதுக்கு மேல வேகமே தேவையில்ல.

இந்த வித்தையை பெரிய லெவல்ல பார்க்கணும்னா இத்தாலி ஸ்ட்ரைக்கர் ஃபிலிப்போ இன்ஸாகி ஆடினதை பாருங்க. 2007 சாம்பியன்ஸ் லீக் ஃபைனல், ஏதென்ஸ்ல ஏசி மிலானும் லிவர்பூலும், 2-1னு மிலான் ஜெயிச்ச மேட்ச், மிலானோட ரெண்டு கோலும் இன்ஸாகிதான். ரெண்டாவது கோலை மட்டும் எடுத்துக்குங்க, மிலான் மிட்ஃபீல்டர் ககா பந்தோட நடுவுல வர்றாரு, இன்ஸாகி டிஃபென்ஸ் லைன்ல அவங்க தோளோட தோளா இருந்துட்டு ககா பாஸ் விடுற நேரத்துக்கு சரியா லைனைத் தாண்டுறாரு. அரை நொடி முன்னாடி போனா ஆஃப்சைடு (பாஸ் கிளம்புறப்போ பந்தையும் கடைசி டிஃபென்டரையும் தாண்டி நிக்கிற தப்பு), அரை நொடி லேட்டா போனா டிஃபென்டர் கூடவே வந்துடுவான். அவர் பெரிய வேகக்காரரும் கிடையாது, பெரிய டிரிப்ளரும் கிடையாது, கேரியர் முழுக்க ஆஃப்சைடு லைன்லயே குடித்தனம் நடத்தின ஆளு.

அந்த நேரத்தை எப்படி பிடிக்கிறதுங்கிறதுதான் பசங்களுக்கு கஷ்டம். எல்லாரும் சீக்கிரம் ஓடிடுவாங்க. ஓடிட்டு ஆஃப்சைடுல போய் நின்னு கையைத் தூக்குவாங்க, இல்லன்னா டிஃபென்டருக்கு நேர் பின்னாடி போய் ஒளிஞ்சுப்பாங்க, பந்து வச்சிருக்கிறவனுக்கு அங்க பாஸ் போடவே வழி இருக்காது. இதுக்கு நான் சொல்லித் தர்றது ஒரே ஒரு அடையாளம், பந்து வச்சிருக்கிறவன் பந்தை ஒரு டச் கொஞ்சம் முன்னாடி தள்ளிட்டு தலையைத் தூக்குறானா, அப்போ கிளம்பு. பந்து கால்ல ஒட்டிட்டு இருக்கிறப்போ, தலை கீழ இருக்கிறப்போ அவனால பாஸ் போட முடியாது, நீ ஓடி பிரயோஜனம் இல்ல. இது தெரிஞ்சதுமே வெட்டி ஓட்டம் பாதி குறைஞ்சிடும்.

வெட்டி ஓட்டம்னு சொன்னேன்ல, அதைப் பத்தி ஒரு வார்த்தை. "ஓடிட்டே இரு, நிக்காதே"ன்னு சொல்ற கோச் நிறைய பேர், எனக்கு அதுல உடன்பாடே கிடையாது. 90 நிமிஷத்துல மெஸ்ஸி எவ்வளவு நேரம் நடக்கிறாருன்னு பாருங்க, நடந்துட்டே தலையை இங்க அங்க திருப்பிட்டே இருப்பாரு, யார் எங்க இருக்காங்க, எங்க ஓட்டை விழுதுன்னு பார்த்துட்டு இருக்காரு. எல்லாரும் நகர்றப்போ ஒருத்தன் நின்னான்னா அவன்தான் ஃப்ரீ. பாக்ஸுக்குள்ள அது ரொம்ப நல்லா தெரியும், அதுக்கு அப்புறம் வர்றேன். வேகமா ஓடுறதை விட வேகத்தை மாத்துறதுதான் டிஃபென்டரை ஏமாத்தும், மெதுவா அவனை நோக்கி ரெண்டு எட்டு, அவன் பின் பக்கமா ஒரு எட்டு எடுத்து வச்சதும் சட்டுனு பந்து பக்கம் வந்து வாங்கு. இல்ல பந்துக்கு வர்ற மாதிரி வந்து, அவன் ஒட்டிட்டு கூட வந்ததும் திரும்பி பின்னாடி ஓடு. முதல் நகர்வு டிஃபென்டருக்கு, ரெண்டாவது உனக்கு. முதல் நகர்வை பசங்க ஒப்புக்கு பண்ணுவாங்க, தோளை மட்டும் லேசா ஆட்டிட்டு ஓடுவாங்க, டிஃபென்டர் நம்பவே மாட்டான். நிஜமாவே பந்து வேணும்ங்கிற மாதிரி போகணும், குரல் கூட கொடுக்கணும்.

சரி இப்போ பந்து வச்சிருக்கிறவன் பக்கம் வருவோம். ரெண்டு பேர் ஒரு டிஃபென்டருக்கு எதிரா, அதாவது 2-1, இதை ஒழுங்கா சொல்லித் தந்தா அட்டாக்ல முடிவு எடுக்கிறதோட பாதி அதுலயே இருக்கு. 10 மீட்டர் அகலம், 20 மீட்டர் நீளம், கடைசில ஒரு சின்ன கோல், டிஃபென்டரே பந்தை அட்டாக்கருக்கு பாஸ் பண்ணிட்டு முன்னாடி வருவான். பார்க்க சுலபமா இருக்கும், ஆனா ரெண்டு பேர் இருந்தும் எத்தனை தடவை சொதப்புறாங்கன்னு பாருங்க. பெரும்பாலும் ரெண்டு விதம்தான். ஒண்ணு, ரொம்ப சீக்கிரம் பாஸ் போட்டுடுவான், டிஃபென்டர் இன்னும் 6, 7 மீட்டர் தள்ளி இருப்பான், பாஸ் போனதும் சாவகாசமா நகர்ந்து அந்த ரெண்டாவது ஆள் முன்னாடி போய் நின்னுடுவான், 2-1 போய் 1-1 ஆயிடும். இன்னொண்ணு, டிஃபென்டர் மேலயே போய் முட்டுறது.

நடுவுல ஒரு தூரம் இருக்கு, 2 மீட்டரோ 3 மீட்டரோ, பையனோட வயசையும் வேகத்தையும் பொறுத்து. அந்த தூரம் வர்ற வரைக்கும் டிஃபென்டரை நோக்கி பந்தை ஓட்டிட்டுப் போகணும், அவனை ஒரு முடிவு எடுக்க வைக்கணும். முடிவு எடுக்க வேண்டியது நீ இல்ல அவன், நீ அவன் எடுத்த முடிவுக்கு எதிரானதை பண்ணினா போதும். அவன் உன் மேல வந்தா பாஸ், அவன் உன் ஃபிரண்டு பக்கம் இடுப்பை திருப்பினா நீயே போ. காலைப் பார்க்காதே இடுப்பைப் பாருன்னு நான் சொல்றது இதுக்குத்தான், கால் பொய் சொல்லும், இடுப்பு எந்த பக்கம் திரும்பியிருக்கோ அந்த பக்கம்தான் அவனால சட்டுனு போக முடியும்.

இதுல ரெண்டாவது ஆளோட வேலையை யாருமே கவனிக்கிறதில்ல. அவன் பந்துக்கு ரொம்ப கிட்ட வந்துட்டான்னா ஒரே டிஃபென்டர் ரெண்டு பேரையும் பார்த்துப்பான், அதனால அகலமா 6, 7 மீட்டர் தள்ளி இருக்கணும். பந்துக்கு ரொம்ப முன்னாடி போயிட்டான்னா டிஃபென்டரோட நிழல்ல மாட்டிப்பான், பாஸ் டிஃபென்டர் கால்ல பட்டு நின்னுடும். பந்தோட சமமாவோ இல்ல அரை எட்டு பின்னாடியோ வந்துட்டு, பாஸ் கால்ல இருந்து கிளம்பினதும் முன்னாடி பாயணும், பாஸும் அவன் காலுக்கு வராம அவனுக்கு முன்னாடி இருக்கிற இடத்துக்கு வரணும். இவன் சரியான இடத்துல இருந்தா பந்து வச்சிருக்கிறவன் முடிவு தானா சரியாயிடும், இவன் தப்பான இடத்துல இருந்தா அவன் என்ன பண்ணினாலும் தப்பாத்தான் தெரியும். 2-1 ஃபெயிலானா நான் முதல்ல பேசுறது இந்த ரெண்டாவது ஆள் கிட்டத்தான்.

இன்னொரு விஷயம், பந்து வச்சிருக்கிறவன் டிரிபிள் பண்ணிட்டு போய் கோல் அடிச்சுட்டா எல்லாரும் அவனை கட்டிப்பிடிப்பாங்க, இந்த பக்கம் ஓடி டிஃபென்டரோட இடுப்பை திருப்பி விட்டவன் தனியா நின்னுட்டு இருப்பான். நான் சத்தமா பாராட்டுறது அவனைத்தான். பந்து வராத ஓட்டத்துக்கு யாரும் கைதட்டலன்னா எந்த குழந்தை அடுத்த தடவை ஓடும்?

2018 வேர்ல்ட் கப்ல பெல்ஜியம் ஜப்பானுக்கு எதிரா கடைசி நிமிஷத்துல அடிச்ச கோலை பசங்களுக்கு போட்டுக் காட்டுங்க, இந்த விஷயத்துக்கு அதை விட நல்ல வீடியோ எனக்குத் தெரிஞ்சு இல்ல. ஜப்பான் 2-0 முன்னாடி இருந்து, பெல்ஜியம் 2-2 ஆக்கி, எக்ஸ்ட்ரா டைம் பக்கம் போயிட்டு இருந்த மேட்ச், 94வது நிமிஷம். ஜப்பான் கார்னர் அடிக்கிறாங்க, கோல்கீப்பர் கோர்ட்வா பந்தைப் பிடிச்சு டி ப்ருய்னாவுக்கு உருட்டி விடுறாரு, அவர் நடுவுல பந்தை ஓட்டிட்டே வர்றாரு, எதிர்ல ஒரு ஜப்பான் பிளேயர் வந்து நிக்கிற வரைக்கும் பாஸே போடல, நான் மேல சொன்ன அதே 2-1 கணக்குதான். அதே நேரத்துல பெல்ஜியம் ஃபார்வர்ட் லுகாகு ஓடுற ஓட்டத்தைப் பாருங்க, அவர் ஓட்டத்துக்கு ஜப்பானோட இடது பக்க டிஃபென்டர் உள்பக்கம் இழுபட்டுப் போறாரு, வலது ஓரம் மொத்தமா காலி, அங்க மூனியே வந்துட்டு இருக்காரு, பந்து அவருக்குப் போகுது. மூனியே தாழ்வா கிராஸ் போடுறாரு, லுகாகு காலுக்கு நேரா வருது, அவர் தொடாம விட்டுடுறாரு, பின்னாடி வந்த ஷாட்லி தள்ளி விடுறாரு. கோல்கீப்பர் கையில இருந்து கோலுக்குள்ள போக சுமாரா 10 செகண்ட். அதுல லுகாகு பந்தைத் தொடவே இல்ல, ஆனா ரெண்டு தடவை கதவைத் திறந்து விட்டது அவர்தான், முதல்ல மூனியேவுக்கு, அப்புறம் ஷாட்லிக்கு. ஸ்கோர்போர்டுல அவர் பேர் எங்கயும் வராது.

முதல் தடவை போடுறப்போ எதுவும் சொல்லாம போடுங்க, எல்லாரும் பந்தைத்தான் பார்ப்பாங்க. ரெண்டாவது தடவை "9ம் நம்பரை மட்டும் பாருங்க"ன்னு (லுகாகுதான் 9) சொல்லிட்டுப் போடுங்க. அப்போ பசங்க போடுற சத்தமே வேற மாதிரி இருக்கும்.

இது புதுசும் இல்ல, 1970 வேர்ல்ட் கப் ஃபைனல்ல பிரேசில் இத்தாலிக்கு எதிரா அடிச்ச நாலாவது கோல், கார்லோஸ் ஆல்பெர்டோ ஓடி வந்து அடிச்சது, எல்லாருக்கும் அந்த ஷாட்டும் பெலே பார்க்காமலே உருட்டி விட்ட பாஸும்தான் ஞாபகம் இருக்கும். இத்தாலி ஆளுக்கு ஆள் மார்க் பண்ற டீம், வலது ஓரத்துல ஆடுற விங்கர் ஜயர்ஸின்யோ இடது பக்கம் போயிட்டாரு, அவரை மார்க் பண்ற ஃபக்கெட்டியும் கூடவே போயிட்டாரு, வலது பக்கம் திறந்து கிடந்தது, அந்த திறந்த பக்கத்துலதான் கார்லோஸ் ஆல்பெர்டோ வந்தாரு.

வயசைப் பத்தி சொல்லியே ஆகணும், ஏன்னா மேல சொன்னது எதையும் 6, 7 வயசு பசங்க கிட்ட எடுத்துட்டுப் போனா வேலைக்கு ஆகாது. அந்த வயசுல பந்து எங்கயோ அங்க எல்லாரும், வெல்லத்துல ஈ மொய்க்கிற மாதிரி. "தள்ளிப் போய் நில்லு"ன்னு சொல்லி சொல்லி ஒரு குழந்தையை ஓரத்துல நிறுத்தினீங்கன்னா அது ஃபுட்பால் ஆடல, காவல் நிக்குது. மொய்க்கட்டும் விடுங்க. பண்ண வேண்டியது டீம் சைஸைக் குறைக்கிறது, 3-3, 4-4 ஆடினா மொய்க்கக் கூட ஆள் பத்தாது, தானா இடம் கிடைக்கும், பந்தும் அடிக்கடி காலுக்கு வரும். இதுக்காகத்தான் அமெரிக்காவுல 2017ல இருந்து 8 வயசு வரைக்கும் 4-4, அடுத்த ரெண்டு வயசுக்கு 7-7, 12 வயசு வரைக்கும் 9-9னு மாத்தினாங்க, ஜெர்மனியிலயும் 2024-25 சீசன்ல இருந்து ரொம்ப சின்ன வயசு பிரிவுகளுக்கு சின்ன டீம், மினி கோல்னு கட்டாயமாக்கிட்டாங்க.

ஜெர்மனி மாடல்ல எனக்குப் பிடிச்சது அந்த நாலு கோல் விஷயம்தான். ஹார்ஸ்ட் வைன்ங்கிற கோச் ஃபுனினோன்னு ஒரு ஆட்டத்தை பிரபலமாக்கினாரு, அவர் ஹாக்கி கோச்சிங்ல இருந்து வந்தவரு. 3-3, கோல்கீப்பர் கிடையாது, ஒவ்வொரு டீமும் அடிக்கிறதுக்கு ரெண்டு மினி கோல், அகல அகலமா ரெண்டு மூலையில. இதுல நீங்க வாயைத் திறக்கவே வேண்டாம், ஒரு கோல் பக்கம் டிஃபென்ஸ் கூடிட்டா இன்னொரு கோல் காலியா கிடக்கும், அதைப் பார்க்கிறவன் ஜெயிப்பான், பார்க்காதவன் முட்டிட்டு இருப்பான். தலையைத் தூக்குன்னு நூறு தடவை சொல்றதை அந்த ரெண்டாவது கோல் தானா செஞ்சுடும், பந்து இல்லாதவனும் காலியா இருக்கிற கோல் பக்கம் ஓடக் கத்துக்கிறான், ஏன்னா ஓடினா பலன் உடனே கண்ணுக்குத் தெரியுது.

தலையைத் தூக்குறதுன்னதும் நார்வேயில கெய்ர் யோர்டெட்ங்கிற ஆராய்ச்சியாளர் பண்ணின வேலை ஞாபகம் வருது. பந்து வர்றதுக்கு முன்னாடி பிளேயர்ஸ் எத்தனை தடவை சுத்திப் பார்க்கிறாங்கன்னு பிரீமியர் லீக் மிட்ஃபீல்டர்களை எல்லாம் வீடியோவுல வச்சு எண்ணினாங்க, அடிக்கடி பார்க்கிறவங்களோட பாஸ்தான் அதிகமா போய்ச் சேருது, அந்தப் பட்டியல்ல உச்சியில இருந்தவங்கள்ல ஒருத்தர் ஃபிராங்க் லாம்பார்ட். இதைக் கேள்விப்பட்டதும் நிறைய கோச் என்ன பண்றாங்கன்னா, பின்னாடி நின்னு விரலைக் காட்டி "எத்தனை விரல்?"னு கேட்கிறாங்க, பையன் திரும்பிப் பார்த்துட்டு "மூணு"ங்கிறான். எனக்கு அதுல பெரிய நம்பிக்கை இல்ல. கழுத்து திரும்பப் பழகும், ஆனா மேட்ச்ல விரல் எங்க இருக்கு? பார்த்த விஷயத்தை வச்சு அடுத்த டச் மாறணும், அப்போதான் அது உதவும். நான் பண்றது, பாஸ் வாங்குறவனுக்குப் பின்னாடி ஒரு டிஃபென்டரை விட்டுடுவேன், அவன் சில நேரம் ஒட்டிட்டு வருவான், சில நேரம் வராமலே நிப்பான். ஒட்டி வந்தா ஒரே டச்ல திருப்பிக் கொடு, வரலன்னா திரும்பி கோலை நோக்கிப் போ. பார்க்காம வாங்கினா ஒண்ணு பந்து பறிபோகும், இல்ல சும்மா கிடைச்ச வாய்ப்பு போகும், அதுவே சொல்லித் தந்துடும்.

மூணாவது ஆள் ஓட்டத்தையும் இங்கயே சொல்லிடுறேன், அண்டர்-12க்கு இது நல்லா பிடிபடும், அண்டர்-10ல சிலருக்கு மட்டும்தான். ஒருத்தன் பின்னாடி இருந்து முன்னாடி நிக்கிற ஃபார்வர்டுக்கு பாஸ் போடுறான், ஃபார்வர்ட் கோலுக்கு முதுகைக் காட்டி நிக்கிறான், திரும்ப முடியாது, அவன் பக்கத்துல வர்ற இன்னொருத்தனுக்கு ஒரே டச்ல தட்டி விடணும். அந்த இன்னொருத்தன் எப்போ கிளம்பணும்? பசங்க ஃபார்வர்ட் பந்தை நிறுத்துற வரைக்கும் நின்னு வேடிக்கை பார்த்துட்டு அப்புறம்தான் ஓடுவாங்க, அதுக்குள்ள டிஃபென்ஸ் மொத்தமா மூடிடும். முதல் பாஸ் காலை விட்டுக் கிளம்பினதுமே மூணாவது ஆளும் கிளம்பியிருக்கணும், தனக்கு வராத பாஸுக்கு ஓடணும். இதுக்கு ஒரு தைரியம் வேணும், பந்து வராமலும் போகலாம்ல.

பாக்ஸுக்குள்ள வருவோம். ஓரத்துல இருந்து கிராஸ் வருதுன்னா பசங்க எல்லாரும் பண்றது ஒண்ணே ஒண்ணுதான், கோலை நோக்கி முழு வேகத்துல ஓடுறது, நாலு பேரும் கோல் வாய்ல போய் கோல்கீப்பர் மேல விழுறது. டிஃபென்டர்களும் அவங்க கூடவே ஓடுவாங்க, அப்போ பெனால்டி ஸ்பாட், அதாவது கோல்ல இருந்து 11 மீட்டர், அந்த ஏரியா பொட்டல் காடா கிடக்கும். விங்கர் எண்ட் லைன் வரைக்கும் போயிட்டாருன்னா உலகத்துலயே நல்ல பாஸ் அங்க பின்பக்கமா தாழ்வா தள்ளி விடுறதுதான், கட்பேக். டிஃபென்டர் எல்லாரும் தங்களோட கோலைப் பார்த்து ஓடிட்டு இருக்காங்க, பின்னாடி வர்றவன் அவங்க கண்ணுக்கே தெரிய மாட்டான், அதோட பந்துக்குப் பின்னாடி நிக்கிறவனுக்கு ஆஃப்சைடே கிடையாது. அதனால ஒருத்தன் பந்துக்குப் பக்கத்து போஸ்ட்டுக்கு (கோல் கம்பம்), ஒருத்தன் தூர போஸ்ட்டுக்கு, ஒருத்தன் கண்டிப்பா பாதியில பிரேக் போடணும். நின்னா ஃப்ரீன்னு மேல சொன்னேன்ல, அது இவன்தான். பக்கத்து போஸ்ட்டுக்கு ஓடுறவனுக்கு பெரும்பாலும் பந்து வராது, அவன் ஓடுறதே மத்த ரெண்டு பேருக்காகத்தான், அதை அவன் கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, மாத்தி மாத்தி அந்த வேலையைக் கொடுங்க, இல்லன்னா ஒரே பையன் தலையில விழும்.

பேசுற முறைக்கு வரேன். ஆட்டம் நடக்கிறப்போ "பாஸ்! பாஸ்! ஷூட்!"னு கத்தினா முடிவு எடுக்கிறது நீங்கதான், பையன் இல்ல, அவன் உங்க குரலுக்கு காத்திருக்கப் பழகிடுவான், நீங்க பேசாத மேட்ச்ல தடுமாறுவான். அப்பா அம்மா கிட்ட நான் கேட்டுக்கிறது, கைதட்டுங்க, பேரைச் சொல்லி உற்சாகப்படுத்துங்க, வினைச்சொல் மட்டும் வேண்டாம். ஒரு அப்பா கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு "அப்போ நான் என்னத்த சார் கத்துறது"ன்னு கேட்டாரு, பாவமாத்தான் இருந்துச்சு. பிராக்டிஸ்ல நிறுத்திக் கேட்கிறப்போ "ஏன் பாஸ் பண்ணல?"னு கேட்டீங்கன்னா அது கேள்வியே இல்ல, திட்டு. "அந்த நேரத்துல உனக்கு என்ன தெரிஞ்சுது?"னு கேளுங்க. "அவளைப் பார்க்கல சார்"னு சொன்னா பிரச்சினை பார்வையில, "பார்த்தேன், ஆனா அவ பின்னாடி ஒருத்தன் நின்னான்"னு சொன்னா அவன் முடிவு சரி, நீங்க வெளியில இருந்து பார்த்ததுதான் தப்பு. முடிவையும் பலனையும் தனித்தனியா பார்க்கணும், சரியான பாஸ் காலு வழுக்கி வெளிய போகலாம், மட்டமான முடிவு டிஃபென்டர் மேல பட்டு கோல் ஆகலாம்.

டிரிபிளிங் பண்ற பையனை சுயநலக்காரன்னு சொல்லி அடக்காதீங்க, இது முக்கியம். ஓரத்துல ஒரே ஒரு டிஃபென்டர், அவனுக்குப் பின்னாடி கவர் பண்ண ஆள் இல்ல, அப்படின்னா அங்க டிரிபிள்தான் சரியான முடிவு, பாஸ் பண்றவன்தான் தப்பு பண்றான். சொந்த பாக்ஸ் முன்னாடி மூணு பேருக்கு நடுவுல அதையே பண்ணினா அப்போ பேசலாம். எங்க எப்போன்னு அவனுக்குப் புரியணும், ஆசையே போயிடக் கூடாது.

கடைசியா, யாரும் கண்டுக்காத ஒரு இடம், த்ரோ இன். பந்து இல்லாம நகர்றதைப் பழக இதை விட சுலபமான இடமே கிடையாது, ஆட்டம் நின்னுருக்கு, யோசிக்க நேரம் இருக்கு, த்ரோ இன்ல இருந்து நேரா வாங்குறவனுக்கு ஆஃப்சைடும் கிடையாது. ஆனா எந்த பசங்க மேட்ச்லயும் பாருங்க, எறியறவன் பந்தை தலைக்கு மேல தூக்கிட்டு நிப்பான், மத்தவங்க எல்லாம் டிஃபென்டரை முதுகுல ஒட்டிக்கிட்டு சிலை மாதிரி நின்னு "எனக்கு, எனக்கு"ம்பாங்க, கடைசில அவன் லைனோட நேரா தூக்கிப் போட்டு பந்து எதிரிக்குப் போகும். இப்போ எங்க பிராக்டிஸ் மேட்ச்ல கார்னர், கோல் கிக், ஃப்ரீ கிக் எதுவுமே இல்ல, பந்து எங்க வெளிய போனாலும் திரும்ப ஆரம்பிக்கிறது த்ரோ இன்தான், டிஃபென்டர் ஒட்டி நிக்கலாம், எறியறவனுக்கு 5 செகண்ட்தான். ஒருத்தன் பந்து பக்கம் வந்து டிஃபென்டரை இழுத்துட்டு வருவான், அவன் விட்டுட்டு வந்த இடத்துக்கு இன்னொருத்தன் போவான், பந்து அவனுக்கு. எறிஞ்சவனும் நிக்காம உடனே உள்ள வரணும், ஏன்னா அவனை யாரும் மார்க் பண்றதே இல்ல, பெரும்பாலும் அந்த நொடியில கிரவுண்ட்லயே ஃப்ரீயா இருக்கிற ஆள் அவன்தான்.